நாச்சிக்கு ஒரு மூட்டுவலித் தைலம்

பூரணம் தன் குருவைவிட வயதில் மூத்தவள். அதனால் குரு அவளை அக்கா என்று கூப்பிடுவாள். பூரணம் குருவை டீச்சர் என்பாள். திருப்பூரில் ஒரு தையல் கடையின் மாடியில், கதையும் கவிதையும் எழுத வருகிறவர்களுக்கு மரகதம் டீச்சர் சொல்லிக்கொடுத்துவந்தாள்.

ஒரு நாள் பூரணம் படியேறி வந்து, உட்காராமலேயே கேட்டாள்.

"டீச்சர், பழைய கதையை நாம மாத்தி எழுதலாமா, கூடாதா?"

டீச்சர் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கதை?"

"எங்க ஊர்க் கரைநாச்சி கதைதான்."

அந்தக் கதை டீச்சருக்குத் தெரியும். பூரணத்தின் ஊர் ஏரிக்கரை ஒரு காலத்தில் மழைக்கு மழை உடைந்துகொண்டிருந்தது. கன்னிப்பெண் ஒருத்தியை உடைப்பில் இறக்கி மண்ணைப் போட்டால் கரை நிற்கும் என்று குறி சொன்னார்கள். கரை வேலையில் இருந்த அண்ணன்மாருக்குக் கஞ்சி கொண்டுவந்தாள் நாச்சி. அவளை இறக்கி மூடினார்கள். கரை நின்றது. நாச்சி சாமியானாள். இன்றைக்கும் ஊர் ஆண்கள் கோயிலில் அதைப் பாட்டாகப் பாடுகிறார்கள்.

பூரணம் அதை நெடுங்கவிதையாக எழுதியிருந்தாள். அவள் கவிதையில், மண் முழங்கால்வரை ஏறும்போது நாச்சி துள்ளி வெளியே வருகிறாள். ஓடுகிறாள். 'முன்னால் வெட்டவெளி' என்று கவிதை முடிகிறது. ஒரு பத்திரிகையில் வந்தபோது பலரும் பாராட்டினார்கள். இப்போது அது புத்தகமாக வரவேண்டும்.

"தங்கச்சி மக அம்மாவுக்குப் படிச்சுக் காட்டியிருக்கா டீச்சர். 'இதைப் புஸ்தகமாப் போட்டுட்டு என் வாசப்படி மிதிக்காதே'ன்னு அம்மா போன்ல சொல்லிட்டாங்க. அச்சகத்துல பதில் கேக்குறாங்க. எனக்குத் தூக்கமே இல்ல. நான் எழுதினதுலயே உருப்படியானது அது ஒண்ணுதான். ஆனா அம்மா வீடு இல்லாமப் போயிட்டா நான் எங்க போவேன்?"

"அம்மாவுக்கு என்ன கோபம்?"

"சாமி கதையை மாத்திட்டேன்னு."

"அப்படிச் சொன்னாங்களா?"

"வேற என்ன இருக்கும்?"

"கேட்டீங்களா?"

பூரணம் அப்போதுதான் உட்கார்ந்து, ஓர் அவரைக்காயைக் கையில் எடுத்தாள்.

"நாச்சிக்குப் படையல் எப்போ?"

"நாளன்னைக்குக் கரையில போடுவாங்க. கல்யாணமான பொம்பளைங்க மட்டும்தான் போவாங்க. கன்னிப்பிள்ளைங்களை அந்தப் பக்கமே விடமாட்டாங்க. நான் கல்யாணமானதும் இங்க வந்துட்டேன். ஒரு தடவைகூடப் போனதில்ல."

"அச்சகத்துல ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க. நாம போவோம்."

"ஐயோ டீச்சர், அம்மா விரட்டுவாங்க."

"வாசப்படியைத்தானே மிதிக்கக் கூடாது? கரையில ஏது படி?"

போனார்கள்.

கரையில் பெண்கள் சோற்றுப் பானைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பூரணம் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய அம்மா வெள்ளையம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரோ வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க. அவங்களுக்கும் ரெண்டு இலை போடுங்கடி" என்றாள் உரக்க.

பூரணம் படையலைப் பார்த்தாள். மஞ்சளும் வளையலும் பாவாடையும் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இலையில் ஒரு நூல் சேலை இருந்தது. ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பாட்டில் மூட்டுவலித் தைலம், சின்னதாக ஒரு குழந்தைச் சட்டை.

"இதெல்லாம் யாருக்கு?"

"நாச்சிக்குத்தான்" என்றாள் இலைக்குப் பக்கத்தில் இருந்த பேச்சி.

"பதினாறு வயசுப் பொண்ணுக்கு மூட்டுவலியா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"ஏத்தா பூரணம், பதினாறு எந்தக் காலத்துல? எங்க அப்பத்தா படைச்சப்போ அவளுக்கு வளைகாப்பு வளையல். எங்க அம்மா படைச்சப்போ தொட்டில் சேலை. இப்போ அவ பேத்தி எடுத்துட்டா. சாமிக்கு வயசு மெதுவாத்தான் ஏறும். ஆனா ஏறும்ல?"

"அவதான் மண்ணுக்குள்ள போயிட்டாளே."

"அது ஆம்பளைங்க பாட்டு" என்றாள் இன்னொருத்தி, சிட்டு. "பாடிட்டுப் போகட்டும். அவ மடை வழியா அந்தப் பக்கம் வந்துட்டா. எண்ணெய் வண்டிக்காரன் ஒருத்தன் ஏத்திட்டுப் போய்க் கட்டிக்கிட்டான். இப்போ கொடிக்குளத்துல இருக்கா."

"கொடிக்குளமா? அத்திப்பட்டிடி. மேலத்தெரு, ஓட்டு வீடு" என்றாள் பேச்சி.

"உன் மகளைக் குடுத்த ஊரைச் சொல்றே."

"நீ மட்டும் என்னவாம்? கொடிக்குளத்துல உன் மக இல்லாம உன் மாமியாரா இருக்கா?"

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. டீச்சர் யாரோ கொடுத்த வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

"பின்னே? தூரத்துல கட்டிக் குடுத்த பிள்ளைக்குப் பக்கத்துல நம்ம ஊர்க்காரி ஒருத்தி வேணாமா?"

பூரணம் அம்மாவிடம் போனாள். அம்மா தைலத்தைத் திறந்து, ஒரு சொட்டு கரை மண்ணில் விட்டு, விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் பிடித்துவிடுகிற மாதிரி இருந்தது.

"அம்மா, நீங்க எல்லாருமே கதையை மாத்தித்தானே வச்சிருக்கீங்க? அப்புறம் என் மேல ஏன் கோவம்?"

"மாத்தினதுக்கு எவ கோவிச்சா?"

பூரணம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முழங்கால் மண்ணோட எந்திரிச்சு ஓடுறா. கேக்கக் கேக்க எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. எந்த வீட்டுக்குப் போய்ச் சேர்றாளோன்னு பாத்தா, 'அவ்வளவுதான் பாட்டி'ங்கிறா உன் தங்கச்சி மக. மிச்சத்தைப் படிடின்னேன். மிச்சம் இல்லையாம். கன்னிப்பிள்ளையைப் பொட்டல்ல விட்டுட்டு, கீழே உன் பேரைப் போட்டுட்டு வந்துட்டே."

"அது படிக்கிறவங்க நினைச்சுக்கட்டும்னு விட்டதும்மா. இப்போ நிறையப் பேர் அப்படித்தான் எழுதுறாங்க."

"ஓ. நீயும் விட்டுட்டே, அவங்களும் விட்டுட்டாங்க. அப்புறம் அவளை யாரு கூட்டிட்டுப் போறது?"

பூரணம் மண்ணைப் பார்த்தபடி கேட்டாள்.

"உனக்கு நாச்சி எந்த ஊர்ல இருக்காம்மா?"

அம்மா பாட்டிலை மூடினாள். திருகித் திருகி மூடினாள்.

"திருப்பூர்ல. உன் தெருவுக்கு அடுத்த தெரு. உனக்கு மூத்த பிள்ளை வலி எடுத்தப்போ இங்க பேய் மழை. பஸ் ஓடல. நான் போய்ச் சேர்ற வரைக்கும் நாச்சி பாத்துக்குவான்னுதான் உசுரைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அவளைப் போய் எங்கேயோ ஓட விட்டுட்டியேடி."

அம்மா தைலக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பூரணத்தின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"வா, சோறு ஆறுது. அந்த வெளியூர்க்காரம்மாவையும் கூப்பிடு. கடலையைத் தின்னே வயித்தை நிரப்பிட்டிருக்கு."

சாப்பிட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். வெயில் இன்னும் தாழவில்லை. பூரணம் கவிதையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"டீச்சர், அவ திருப்பூர் வந்து சேர்ந்துட்டான்னு எழுதினா கவிதை கெட்டுடுமோன்னு இருக்கு. எழுதாம விட்டா அம்மா முகம் வந்து நிக்குது. இந்தக் கடைசி வரியை அடிச்சிடவா, வச்சுக்கவா?"

டீச்சர் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிவிட்டாள். காற்று வந்தது.

"உங்க நாச்சி ஓடி வந்து மூச்சு வாங்கிட்டு நிக்குறா. முதல்ல தண்ணி குடுங்க அக்கா. முற்றுப்புள்ளியை அப்புறம் பாத்துக்கலாம்."