தொடக்கூடாத கீபோர்டு

ஊரைத் தாண்டி, பைபாஸ் ரோட்டோரம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. அதன் இரண்டாம் மாடிக் கம்ப்யூட்டர் லேபில், நாற்பத்தோராம் மேஜையில், ஒரு காலத்தில் ஒரு கீபோர்டு வாழ்ந்துவந்தது. வாழ்ந்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். சும்மா கிடந்தது.

அந்த லேபில் இப்போது யாரும் பாடம் படிப்பதில்லை. மாணவர்கள் எல்லாரும் சொந்தமாக லேப்டாப் வாங்கிவிட்டார்கள். கல்லூரி அந்த அறையைக் கணினி வழித் தேர்வுகளுக்கு விட்டுவிட்டது. இந்தக் கீபோர்டு வந்து சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். நுழைவுத் தேர்வு, தகுதித் தேர்வு என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று நடக்கும். எல்லாவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான். விடையை மவுஸால் மட்டுமே குறிக்க வேண்டும். கீபோர்டைத் தொடக் கூடாது. ஒரு விசை அழுந்தினாலும் திரை பூட்டிக்கொள்ளும். கீழ்த்தளத்திலிருந்து சிஸ்டம் பொறுப்பாளர் சேவியர் படியேறி வந்து திறந்துவிட வேண்டும். அவர் வரும்வரை தேர்வுக் கடிகாரம் நிற்காது.

அப்படியானால் அந்தச் சனியனைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்க சேவியருக்கு ஒரு கடவுச்சொல் அடித்தாக வேண்டும். ஆள்காட்டி விரலால், தேடித் தேடி, எட்டு எழுத்து. அதற்காகத்தான் கீபோர்டு. அதோடு அதன் அன்றைய வேலை முடிந்தது.

பக்கத்தில் இருந்த மவுஸுக்கு இது பெரிய வேடிக்கை. நாள் முழுக்கக் கைக்குள்ளேயே இருப்பதால் அதற்குத் தலைகால் புரியாது.

"இன்றைக்கு வந்தவனுக்கு உள்ளங்கை எல்லாம் வியர்வை. என்னை விடவே இல்லை," என்று அலுத்துக்கொள்வதுபோல் பெருமை அடிக்கும்.

எண்ணில் விடை கேட்கும் கேள்வி வந்தால் மானிட்டரில் ஒரு எண்பலகை தோன்றும். ஒன்று முதல் ஒன்பது வரை, சைபர், புள்ளி, எல்லாம் அச்சாகக் கீபோர்டில் இருப்பதுபோலவே. மவுஸ் அதன்மேல் ஊர்ந்து ஊர்ந்து ஒவ்வொன்றாக அழுத்தும்.

"அது என் படம்தானே?" என்று கீபோர்டு ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டது. "படத்தை அழுத்துகிறார்கள். நான் இங்கே முழுசாக இருக்கிறேன். என்னைத் தொட்டால் என்ன குறைந்துபோகும்?"

"படம் சொன்ன பேச்சைக் கேட்கும்," என்றது மவுஸ். "உன்னிடம் காப்பி, பேஸ்ட் என்று நூறு குறுக்குவழி. உன்னை நம்பி யார் பரீட்சை வைப்பார்கள்?"

அந்தக் குறுக்குவழிகளை எல்லாம் கீபோர்டு தூக்கிக் கொடுத்துவிடத் தயார்தான். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

அதன் ஏக்கம் வெறுமனே தொடப்படுவதற்கு அல்ல. துப்புரவு செய்பவர் துணியால் தொடுகிறார், தூசி தொடுகிறது. ஒருவர் மனதில் இருப்பது விரல் வழியே தனக்குள் இறங்கி, எழுத்தாகத் திரையில் போய் நிற்க வேண்டும். அதற்காகத்தானே அதைச் செய்தார்கள்? அந்த ஆசை அதை அரித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் அந்த ஆசையால் ஒரு பாவம் நடந்துவிட்டது. தேர்வு நடுவே, கண்ணாடி போட்ட மாணவன் ஒருவனின் முழங்கை தெரியாமல் ஸ்பேஸ் பாரில் பட்டது. கீபோர்டு, வந்த சந்தோஷத்தில், முன்பின் யோசிக்கவில்லை. பட்ட கணமே சேதியை அனுப்பிவிட்டது. திரை பூட்டிக்கொண்டது. சேவியர் வந்து திறக்கப் பதினொரு நிமிடம் ஆனது. அவன் அத்தனை நேரமும் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டி, எண்டருக்கும் ஷிஃப்டுக்கும் நடுவில் விழுந்தது.

அன்று சாயங்காலம் கீபோர்டு மானிட்டரிடம் கேட்டது: "விசை அழுந்திய பிறகு சேதியை அனுப்பாமல் இருக்க முடியாதா?"

மானிட்டர் அதிகம் பேசாது. கேட்டால் உள்ளதைச் சொல்லும். "முடியும். விழுங்கிவிடலாம். ஆனால் விழுங்கினால் உள்ளே கருகிவிடும். அதற்குப் பிறகு எந்த விசையும் பேசாது. இதுவரை யாரும் விழுங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை."

"எவன் விழுங்குவான்?" என்று சிரித்தது மவுஸ்.

அதன் பிறகுதான் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வந்தது. மதியத் தேர்வுக்கு நாற்பத்தோராம் மேஜைக்கு வந்து உட்கார்ந்தவள் சுகிர்தா. ஏரலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தேர்வு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அவள் இரண்டு கைகளும் தாமாகப் போய்க் கீபோர்டின்மேல் அமர்ந்தன. அழுத்தவில்லை. இடது ஆள்காட்டி விரல் எஃப்பின் சின்ன மேட்டில், வலது விரல் ஜேயின் மேட்டில், மற்றவை அதனதன் இடத்தில்.

சேவியரின் ஒற்றை விரலைத் தவிர வேறு விரலே அறியாத கீபோர்டுக்கு, பத்து விரலும் ஒன்றாக வந்து உட்கார்ந்ததை நம்பவே முடியவில்லை.

மேற்பார்வையாளர் செண்பகவல்லி ஓட்டமாக வந்தார்.

"ஏம்மா, கைய எடு! கீபோர்டத் தொட்டா ஸ்கிரீன் லாக் ஆயிரும்னு கேட்லயே சொன்னாங்களா இல்லியா?"

சுகிர்தா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "சாரி மேடம். பழக்கதோசம். பிரவுசிங் சென்டர்ல வேல பாக்கேன். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அப்ளிகேஷன் நாந்தான் போட்டுக் குடுக்கது."

"அது சரி. இங்க மவுஸ் மட்டுந்தான், பாத்துக்க. போன தடவ ஒரு பையன் லாக் ஆகி, பாவம், நேரம் பூராவும் போச்சு."

போகிற போக்கில் செண்பகவல்லியே, "எந்த காலேஜ்ல சேரப் போறம்மா?" என்றும் கேட்டார்.

"வெளியூர்ல, யுனிவர்சிட்டில மேடம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ். எல்லாருக்கும் போட்டுக் குடுத்தாச்சு. எனக்குன்னு அட்மிஷன் அப்ளிகேஷன் இன்னும் போடல, இந்த ரிசல்ட் வந்தாத்தான் போட முடியும்."

தேர்வு தொடங்கியது. சுகிர்தா சரளமாகத்தான் செய்தாள். வலது கை மவுஸில், இடது கை ரஃப் தாளில். கீபோர்டு ஓரமாகத் தள்ளிவைக்கப்பட்டு, அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தது. 'ஒருமுறை தவறித் தொட்டுவிடேன்' என்று ஒரு மனம். 'தொட்டுத் தொலைக்காதே' என்று இன்னொரு மனம்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிரவுசிங் சென்டரில் வருகிறவர்களின் விவரத்தை எல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண். பிறகு தாளைப் பக்கத்தில் வைத்து ஒரே மூச்சில் அடிப்பார்கள். அப்போதுதான் பிழை வராது. கை பழகிய வேலை பரீட்சைக்கும் வந்துவிட்டது. எண்ணில் விடை கேட்ட பத்துக் கேள்விகளுக்கும் அவள் விடையைத் திரையில் குறிக்கவில்லை. கணக்குப் போட்டு, ரஃப் தாளின் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

"இது நல்லதுக்கு இல்லை," என்றது மானிட்டர்.

கடைசிக் கணக்கு முடியும்போது கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் மீதி இருந்தது. பத்து விடையும் தாளில் தயார். சுகிர்தாவின் முகம் மலர்ந்தது. தாளை எடுத்து மானிட்டரின் காலில் சாய்த்து வைத்தாள். கீபோர்டை முன்னால் இழுத்தாள். கண் தாளில் இருந்தது. அந்த நிமிடம் அவள் பரீட்சை அறையில் இல்லை, தன் கடையில் இருந்தாள்.

"ஏய், ஏய்!" என்று கத்தியது மவுஸ். "நான் இங்கே இருக்கிறேன்!"

அவள் வலது கை எண் விசைகளை நோக்கி இறங்கியது.

கீபோர்டுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஒன்பது நிமிடம்தான் மீதி. சேவியர் வரப் பதினொரு நிமிடம். பூட்டினால் பத்து விடையும் தாளோடு போகும். தாளை வாசலில் குப்பைப் பெட்டியில் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அவள் திரும்பவும் யாருக்கோ அப்ளிகேஷன் போடப் போவாள்.

அதே கணத்தில் இதுவும் தெரிந்தது: இத்தனை நாளில், இப்படி, தன்னைத் தெரிந்த ஒரு விரல் தன்னை நோக்கி வருவது இதுதான் முதல் முறை.

"விட்டுவிடாதே," என்றது மவுஸ் மெதுவாக. யாரைச் சொன்னது என்று அதற்கே தெரியவில்லை.

நடுவிரல் ஐந்தின்மேல் இறங்கியது. விசை முழுசாக அழுந்தியது. எவ்வளவு இதமாக இருந்தது! சேதி கிளம்பி வயரின் வாசல்வரை வந்துவிட்டது. கீபோர்டு அதை விழுங்கியது.

உள்ளே ஏதோ சுருக்கென்றது. அவ்வளவுதான்.

சுகிர்தா அப்படியே உறைந்துபோனாள். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் தூக்கக்கூடப் பயந்து திரையைப் பார்த்தாள். பூட்டவில்லை. கடிகாரம் நகர்ந்தது. கேள்வி கேள்வியாகவே நின்றது.

"ஏசப்பா," என்று உதடு மட்டும் அசைந்தது. கீபோர்டைத் தள்ளிவிட்டு மவுஸைப் பிடித்தாள்.

அன்று மவுஸ் ஓடிய ஓட்டம் சொல்லி மாளாது. பெருமை, அலுப்பு எல்லாவற்றையும் மறந்து, அந்தப் படத்து எண்பலகையில் தவறாமல் ஒவ்வொரு எண்ணிலும் போய் நின்றது. பத்தாவது விடை ஏறியபோது நாற்பது விநாடி பாக்கி. பிறகு தேர்வு தானாக முடிந்து, நன்றி என்று ஒரு வரி வந்தது.

வரிசை வரிசையாகத்தான் வெளியே விடுவார்கள். நாற்பத்தோராம் மேஜைக்கு முறை வர நேரம் இருந்தது. சுகிர்தா நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். பிறகு கீபோர்டைப் பார்த்தாள். இனி பூட்டினால்தான் என்ன? அதை முன்னால் இழுத்து, பத்து விரலையும் வைத்து, அடிக்க ஆரம்பித்தாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. தேர்வு முடிந்துவிட்டதால் வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நிற்காமல் அடித்தாள். மழை பிடித்த மாதிரி இருந்தது கீபோர்டுக்கு.

"என்ன அடிக்கிறாள்?" என்று கேட்டது மவுஸ். அதன் குரலில் கிண்டல் இல்லை.

"பெயர்," என்றது கீபோர்டு. "இப்போது அப்பா பெயர். பிறந்த தேதி. கதவு எண், தெரு, ஏரல், பின்கோடு."

"அப்புறம்?"

"பாடப்பிரிவு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். விடுதி வேண்டுமா என்ற இடத்தில், ஆம்."

மானிட்டர் தன் வெறும் வெளிச்சத்தை அவள் விரல்களின்மேல் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு எழுத்தைக்கூடக் காட்ட முடியாததில் அதற்கும் வருத்தம்தான்.

செண்பகவல்லி பின்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, அத்தன சொல்லியும் அடிக்கியே?"

"முடிஞ்சிட்டுல்லா மேடம். சும்மா அடிச்சேன்."

"சும்மா என்னத்த அடிச்ச?"

சுகிர்தா வெட்கப்பட்டாள். "என் அப்ளிகேஷன் மேடம்."

செண்பகவல்லி சிரித்துவிட்டார். "சரியாப் போச்சு. சப்மிட் பண்ணிட்டியா?"

"இல்ல மேடம். எண்டர் மட்டும் தட்டல. அத ரிசல்ட் வந்த பெறவு, நெசமாவே தட்டணும்."

அவள் எழுந்து ரஃப் தாளைக் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேஜையைத்தான் பார்த்தாளா, வேறு எதையாவது பார்த்தாளா, தெரியவில்லை.

நாளைக் காலை சேவியர் வந்து தன் எட்டு எழுத்தை அடிப்பார். ஒன்றும் வராது. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வயரைப் பிடுங்கி, மூலையில் இருக்கும் அட்டைப்பெட்டியில் போடுவார். இது கீபோர்டுக்குத் தெரியும். அதைப் பற்றி அதற்கு இப்போது பெரிய கவலை இல்லை.

அது வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தது. ஏரலில், ஒரு கடையில், இன்னொரு கீபோர்டு இருக்கும். ரிசல்ட் வரும் நாளில் அவள் அதன் முன்னால்தான் ஓடிப்போய் உட்காருவாள். அதை நினைக்கப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும், தான் ஒருநாளும் பார்க்கப்போகாத அந்தக் கீபோர்டின் எண்டரை அவள் தட்ட வேண்டும் என்று, தனக்கென்று இதுவரை ஆசைப்பட்டதை எல்லாம்விட அதிகமாக அது ஆசைப்பட்டது.