எழுபத்துமூன்றாவது வாத்தியம்

எல்லாருடைய குரலும் எனக்கு வருகிறது; என் குரல் எப்படி இருக்கும் என்பதுதான் மறந்துகொண்டே வருகிறது என்று நினைத்தாள், அரசசபையில் விகடம் செய்து காட்டும் தையல்நாயகி. நினைத்தபடியே, சேனாதிபதி தும்முவதுபோல் ஒரு தும்மல் போட்டுக் காட்டினாள். சபை குலுங்கிச் சிரித்தது. அரசர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

இது எந்தக் காலத்தில் நடந்தது என்று கேட்டால், காற்றை மட்டும் நம்பி மனிதர்கள் கப்பல் ஏறிய முன்னொரு காலத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். கடலோரத்தில் ஒரு ராஜ்யம். அதன் அரசருக்குப் போரில் ஆசையில்லை, வேட்டையில் ஆசையில்லை. வாத்தியம் சேர்ப்பதுதான் பைத்தியம். துறைமுகத்துக்கு வரும் கப்பல் எதுவானாலும் தன் நாட்டு வாத்தியம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் சரக்கை இறக்க வேண்டும் என்று உத்தரவே போட்டிருந்தார்.

சீனத்திலிருந்து, சுரைக்குடுவையில் மூங்கில் குச்சிகளைக் கொத்தாகச் செருகிய ஒன்று வந்தது. அரபு தேசத்திலிருந்து முதுகு உப்பிய நரம்பு வாத்தியம் வந்தது. எங்கோ ஒரு குளிர்நாட்டிலிருந்து ஆட்டுத்தோல் பையில் குழல்களைச் செருகிய விநோதம் வந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கி அமுக்கியபோது எழுந்த அலறலைக் கேட்டுப் பட்டத்து யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. பிடித்துவர நான்கு நாள் ஆயிற்று. இப்படி எழுபத்திரண்டு வாத்தியங்கள் இசைமாளிகையில் சேர்ந்துவிட்டன. உப்புக்காற்று பட்டால் நரம்புகள் கெட்டுவிடும் என்று மாளிகை ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளைத் தேன்மெழுகால் அடைத்து, அதன்மேல் ராஜமுத்திரையும் குத்தியிருந்தார்கள்.

அந்த மாளிகைக்கு அதிகாரி ஆஸ்தான வித்துவான் மகுடேசர். யாழ் வாசிப்பில் அவருக்கு இணையில்லை. ஆனால் வந்து இறங்கும் அந்நிய வாத்தியம் எதுவானாலும் பத்து நாளில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அரசர் சொல்லியிருந்தார். 'எனக்குத் தெரியாது' என்ற சொல் மட்டும் மகுடேசர் வாயில் வராது.

சென்ற பங்குனியில், ஏழு நாணல்களை வரிசையாகக் கட்டிய குழல் ஒன்று வந்தது. மகுடேசர் முறைப்படி பூஜை போட்டார். ஒவ்வொரு நாணலின் முனையிலும் பெரிதாகச் சந்தனம் அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். பிறகு ஊதினார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, சத்தம் வரவில்லை.

"ஊமைக் குழல், அரசே! மாலுமி நம்மை ஏமாற்றிவிட்டான்."

மாலுமியைச் சிறையில் தள்ளச் சொல்ல அரசர் கையைத் தூக்கினார். அப்போதுதான் தையல்நாயகி முன்னே வந்து, குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு சின்னச் சந்தேகம், வித்துவானே. உங்களுக்குப் பொட்டு நெற்றியில் இருக்கிறது. இதற்கு மட்டும் ஏன் வாயில் வைத்தீர்கள்?"

முந்தானையால் துடைத்துவிட்டு ஊதினாள். குழல் பாடியது. மாலுமி பிழைத்தான். ஆனால் ஒரு மாதம் வரைக்கும் தெருவில் மகுடேசரைக் கண்டவர்கள் உதட்டைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் வரைக்கும் அவர் தூங்கவில்லை.

சேனாதிபதியின் தும்மலைச் சபை ரசித்துக்கொண்டிருந்த இன்று, மகுடேசர் எழுந்து நின்றார். அவருடைய வலக்கை விரல்கள் மூன்றில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. காரணம் எழுபத்துமூன்றாவது வாத்தியம். ஒல்லியான நீள மரப்பெட்டி. அதன்மேல் பன்னிரண்டு நரம்புகள். பத்து நாள் மீட்டியும் பன்னிரண்டும் ஒரே சுரத்தைத்தான் சொல்லின. அதைக் கொண்டுவந்த மாலுமி, "எங்கள் ஊரில் இதைக் கையாலும் வாசிப்பதில்லை, வாயாலும் வாசிப்பதில்லை" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டான்.

"அரசே, இந்தப் பெண் எந்த வாத்தியத்தையும் பேச வைத்துவிடுவாள் என்று ஊரெல்லாம் பேச்சு. இதை அவளே வாசிக்கட்டும். மாலுமி சொன்னபடியே. கை படக்கூடாது. வாய் படக்கூடாது."

"கால் படலாமா, வித்துவானே?" என்றாள் தையல்நாயகி.

சபை சிரித்தது. "காலும் படக்கூடாது!" என்று கத்தினார் மகுடேசர். அவர் குரல் கீச்சிட்டது.

அரசருக்குக் கண் மின்னியது. "பலே! மூன்று நாள் தவணை. வாசித்தால் என் முத்துமாலை உனக்கு. வாசிக்காவிட்டால்?"

"ஒரு வருஷம் இவள் சபையில் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் கூடாது, ஒரு சிரிப்புக் கூடாது. தும்மலும் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர், பலகாரத்துக்குச் சம்மதம் சொல்வதுபோல்.

அன்று வீட்டுக்குப் போய்த் தையல்நாயகி கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்து பார்த்தாள். பூக்கட்டும் குடும்பத்தில் ஏழாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். அத்தை மாதிரி பேசிக் காட்டிய நாளில்தான் அம்மா முதல்முறையாக அவளைத் தனியாகத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து ஓயவில்லை. குரல்களையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? பார்க்கப் பயமாக இருந்தது. விளக்கேற்றும் நேரத்துக்குள், யாருமில்லாத வீட்டில், பக்கத்து வீட்டுக்காரி இருமுவதுபோல் தானாகவே ஒருமுறை இருமிவிட்டாள்.

மறுநாள் இசைமாளிகைக்குப் போனாள். காவலாளி முத்திருளன் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே மெழுகு வாடையும் புழுக்கமும் மூச்சை அடைத்தன. எழுபத்திரண்டு வாத்தியங்களும் கிடந்த கிடையைப் பார்த்து, நான் மட்டும் என்னவாம், அரசர் தட்டினால் சத்தம் போடுகிற எழுபத்துநான்காவது என்று அவளுக்குத் தோன்றியது.

பெட்டியின் அருகில் உட்கார்ந்து, தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்ற வாத்தியங்களெல்லாம் பட்டில் சுற்றி வந்தவை, மரம் பளபளத்தது. இதில் மட்டும் ஒரு பக்கம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நரம்புகளின் அடியில் உப்புப் பூத்திருந்தது.

"ஏன்ப்பா முத்திருளா, இதைக் கப்பலில் எங்கே வைத்திருந்தார்கள்?"

"மேல்தட்டுலதாம்மா கெடந்துச்சு. நாந்தானே தூக்கியாந்தேன். நான்கூடக் கேட்டேன், என்னய்யா இப்படி வெளியில போட்டு வச்சிருக்கீங்கன்னு. சிரிச்சானுவ."

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. அந்தக் கப்பல் வந்த மத்தியானம் அவள் கரையில் நின்றிருந்தாள். கப்பலிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. மாலுமிகள் பாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஆனால் பக்கத்தில் வந்தபோது, மாலுமிகள் எல்லாரும் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தார்கள்.

"முத்திருளா, இந்த ஜன்னல் திறக்குமா?"

"ஐயோ, முத்திரை வச்ச மெழுகும்மா! ராசாவத் தவிர யாரு கை வச்சாலும் கை இருக்காது."

"நல்லது" என்றாள் தையல்நாயகி. "பெட்டியைத் தூக்கி அந்த ஜன்னல் கட்டையில் மட்டும் வைத்துவிடு."

மூன்றாம் நாள், கடற்காற்று இறங்கும் மத்தியான வேளைக்குச் சபையை இசைமாளிகைக்கே வரச் சொன்னாள். எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. மந்திரி ஏட்டுச்சுவடியால் விசிறிக்கொண்டார்.

"தொடங்கலாமே" என்றார் மகுடேசர்.

"அரசே, ஒரு சின்ன உதவி. இந்த ஜன்னலை நீங்கள்தான் திறக்க வேண்டும். முத்திரை உங்களுடையது."

"உப்புக்காற்று!" என்று அலறினார் மகுடேசர். "நரம்பெல்லாம் நாசமாகிவிடும்!"

"நரம்பு கெட்டால் புதிது போட்டுக்கொள்ளலாம், வித்துவானே. இங்கே மூச்சுவிட முடியவில்லை" என்ற அரசர் உடைவாளால் மெழுகைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டச் சுரண்டக் கிரீடம் ஒருபக்கம் சரிந்தது. கடைசியில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மேலே தூக்கும் பலகைக் கதவு 'கிறீச்' என்று எழும்பியது.

காற்று திபுதிபுவென்று உள்ளே புகுந்தது. மந்திரியின் ஏடுகள் பறந்தன. சேனாதிபதி நிஜமாகவே தும்மினார். பெட்டி மட்டும் கம்மென்று இருந்தது.

மகுடேசர் சிரித்தார். தையல்நாயகி முழுக்கத் திறந்த ஜன்னலைப் பார்த்தாள். ஒரு வருஷம் என்று நினைத்தாள். அப்புறம் தன் வாயையே நினைத்துக்கொண்டாள்: முழுக்கத் திறந்த வாயில் கொட்டாவிதான் வரும், குவித்தால்தான் சீழ்க்கை.

"அரசே, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இன்னும் கொஞ்சம். நரம்புக்கு மேலே கை நுழையும் அளவு இடுக்கு போதும். அங்கேயே பிடியுங்கள்."

முதலில் ஒரு வண்டு ரீங்கரிப்பதுபோல் இருந்தது. பிறகு ஒரே சுரத்தில் கட்டிய பன்னிரண்டு நரம்புகளும் பன்னிரண்டு சுரங்களாகப் பிரிந்தன. தடித்த நரம்பு அடியில் முனகியது, மெல்லியது உச்சியில் பாடியது. அதைக் கேட்டு மூலையில் கிடந்த அரபு வாத்தியத்தின் நரம்பு ஒன்று தானாக அதிர்ந்தது. அதற்குப் பக்கத்திலிருந்த யாழும் கூடச் சேர்ந்துகொண்டது.

"இதென்ன ஏமாற்று!" என்றார் மகுடேசர். "வாசிப்பது இவளல்ல, காற்று!"

"கையும் வாயும் காலும் படாமல் வாசிக்க வேண்டும் என்றீர்கள், ஐயா. அப்படி வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் ஊரில் உண்டு. அவரைத்தான் நாம் மெழுகு பூசி வெளியே நிறுத்தியிருந்தோம்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் கயிறு நழுவி, பாட்டு நின்றது.

"கயிற்றை விடாதீர்கள், அரசே!" என்று சபையே கத்தியது.

பாவம், அரசர் மறுபடி இழுத்துப் பிடித்தார். "என் முத்திரையை என் கையாலேயே உடைக்க வைத்து, என்னையே கயிறு பிடிக்கவும் வைத்துவிட்டாயே, பெண்ணே!" கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திணறித் திணறிக் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "இந்தா. இனி இந்த ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். ஒன்று மட்டும் பாக்கி. மகுடேசர் பத்து நாள் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாரே, அதைக் கொஞ்சம் செய்து காட்டு. வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும்."

சபை ஆவலோடு நெருங்கி நின்றது. தையல்நாயகியின் உடம்பு அதற்குள் தயாராகிவிட்டது. விரல்கள் மடங்கின, தோள் ஒருபக்கம் ஏறியது, தொண்டையில் அந்தக் கீச்சுக்குரல் வந்து உட்கார்ந்தது. குறிப்புக்காக மகுடேசரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். மஞ்சள் துணி சுற்றிய விரல்கள் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. உதடு சத்தமில்லாமல் அசைந்தது. பெட்டி பாடுவதில் ஏதோ ஒரு சுரத்தைப் பிடிக்கிறார், விடுகிறார், மறுபடி பிடிக்கிறார். தன்னை யாரும் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை.

தையல்நாயகி தோளை இறக்கிக்கொண்டாள்.

"வேண்டாம், அரசே" என்றாள்.

அந்தக் குரல் யாருடையது போலவும் இல்லை.