ரெண்டு பழசுக்கு ஒரு புதுசு

இந்தக் கதையில் வயிறு வலிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை யார் கேட்பார்கள்? அது ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கட்டும்.

நண்டும் கணவாயும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், சங்கு நண்டுகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றின் பின்பாதியில் ஓடு கிடையாது. வெறும் மெத்தென்ற சதை. அதனால் அலை ஒதுக்கும் காலிச் சங்குக்குள் நுழைந்து, அதைச் சுமந்தபடியே திரியும். உடம்பு வளர்ந்தால் கொஞ்சம் பெரிய சங்கு. அவ்வளவுதான் தேவை.

அப்புறம் ஒரு பேய்க்கணவாய் வந்து கடை போட்டது. கரையில் ஒதுங்கும் சங்கையெல்லாம் எட்டுக் கையாலும் அள்ளி வைத்துக்கொண்டு கூவியது.

"வாங்க மாமா, வாங்க! நேத்துப் போட்ட சங்கையேவா இன்னைக்கும் போட்டிருக்கீங்க? ஊர் என்ன பேசும்?"

ஊர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் பவளக்காலன் என்ற பெரிய நண்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடித்த இறாலையெல்லாம் கடையில் கொட்டிச் சங்கு சங்காக வாங்கிப் பொந்தில் அடுக்கினான். யாராவது எடுத்துவிடுவார்களோ என்று வாசலை விட்டு நகர்வதே இல்லை.

கரையில் காலிச் சங்கே இல்லாமல் போயிற்று. வளர்ந்த நண்டுகள் வெற்றுடம்போடு பாசிக்குள் ஒளிந்தன. மேலே கடற்காகம் வட்டமிட்டது.

சுண்டி என்ற நண்டுக்கும் சங்கு பற்றவில்லை. பாதி உடம்பு வெளியே தொங்கியது. பவளக்காலனிடம் போனாள்.

"மாமா, ஒண்ணு குடுங்களேன்."

"அது விசேஷத்துக்கு."

"அந்தப் பக்கம் இருக்கிறது?"

"அது மழைக்கு."

"மூலையில பாசி பிடிச்சுக் கிடக்கே, அது?"

"ஐயையோ, அதைப் போடவே மாட்டேன். போட்டா பழசாயிடும்ல!"

சுண்டியிடம் பற்றுகிற சங்குதான் இல்லையே தவிர, அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரின் குரலும் இருந்தது. கடற்காகம் தாழ்ந்தால் கழுகு மாதிரி கத்துவாள், காகம் பறந்துவிடும். ஆனால் காகமும் எத்தனை நாளைக்கு ஏமாறும்?

பேய்க்கணவாய் சரக்கெடுக்க ஆழ்கடலுக்குப் போயிருந்த நேரம். பவளக்காலன் பொந்துக்குப் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் சுண்டி போய் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"புது வரவு! புது வரவு! ரெண்டு பழசுக்கு ஒரு புதுசு! மாமா, உங்களுக்கு மட்டும்தான்!"

அச்சு அசல் கணவாய்க் குரல். பவளக்காலன் தடதடவென்று இரண்டு சங்கை உருட்டிவந்து பாறை இடுக்கில் தள்ளினான். சுண்டி ஒன்றை வெற்றுடம்பு நண்டு ஒன்றுக்குக் கொடுத்தாள். இன்னொன்றைப் பாசி போக மணலில் தேய்த்து, அவனிடமே திருப்பித் தள்ளினாள்.

"அடடா! என்ன பளபளப்பு! இப்படி ஒரு சங்கை நான் பார்த்ததே இல்லை!"

"உங்க கண்ணுக்கு வேற எதுவும் பிடிக்குமா மாமா?"

பார்த்ததையே மறுபடி கொண்டுவந்தான். மறுபடி பளபளத்தது. பொந்து காலியாகக் காலியாக அவன் முகம் பூரித்தது. பாசிக்குள் ஒளிந்திருந்த நண்டுகளெல்லாம் ஒவ்வொன்றாக வீடு பெற்றன. கடைசியில் பொந்தில் ஒரு சங்கு, முதுகில் ஒரு சங்கு.

"போட்டிருக்கிறதையும் கழட்டுங்க மாமா. கடைசிச் சரக்கு!"

கழற்றி, இரண்டையும் தள்ளினான். ஒன்று மணலில் தேய்ந்து அவனிடமே திரும்பியது. மிஞ்சிய பொந்துச் சங்கு சுண்டிக்கு ரொம்பப் பெரிது. அதே நொடியில் காகம் பாய்ந்தது. சுண்டி கழுகாகக் கத்தினாள். காகம் அசரவில்லை.

"பெரிசுல நான் போறேன், என்னோடதுல நீ ஏறு!" என்றாள் பக்கத்திலிருந்த குண்டு நண்டு. அவள் மாறினாள், சுண்டி அவளுடையதில் புகுந்தாள், சுண்டி விட்டதில் ஒரு குட்டி நண்டு. காகத்தின் அலகு ஓட்டில் மோதி நங்கென்றது. அது தலையை உதறிக்கொண்டு போய்விட்டது.

பாறைக்கு இந்தப் பக்கம் பவளக்காலன் 'புதுச்' சங்குக்குள் இறங்கினான்.

"என்னடா இது, வெதுவெதுன்னு இருக்கு? புதுசுக்குள்ள யாரோட சூடு..."

பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அடியே சுண்டி! இது என் சூடுடீ!"

அன்று பாறைக்குப் பின்னால் பிறந்த வழக்கம்தான் இன்றும் நடக்கிறது: கரையில் பெரிய சங்கு ஒன்று ஒதுங்கினால் போதும், சங்கு நண்டுகள் பெரிசு முதல் சின்னது வரை வரிசையாக நிற்கும்; முன்னால் நிற்பது விட்ட வீட்டில் பின்னால் நிற்பது ஏறிக்கொள்ளும்.