களாச்செடியின் முள்ளைக் கடித்த அணில்

குளக்கரையில் ஒரு தோட்டம். அங்கே ஒரு களாச்செடியில் கொறியன் என்ற அணிலும் அவன் மனைவி வரியாளும் கூடு கட்டிக் குடியிருந்தார்கள். கூட்டில் கண் திறக்காத மூன்று குட்டிகள். அடுத்த கிளையில் கொண்டைச்சி என்ற கொண்டைக்குருவி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செடி கொறியன் வைத்ததுதான். வைத்தது என்றால், ஒரு களாப்பழத்தை மண்ணுக்குள் ஒளித்துவிட்டு, எங்கே ஒளித்தோம் என்று மறந்துபோனான். அவ்வளவுதான் அவன் செய்த விவசாயம்! மழை பெய்தது, விதை முளைத்தது. தோட்டக்காரரும் தானாக முளைத்ததைப் பிடுங்கி எறிகிறவர் இல்லை. செடி வளர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணத்தது. உடனே கொறியன், "நான் வளர்த்த செடி!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சொல்லிக்கொள்ளட்டும், பாவம். பெருமைப்பட வேண்டிய செடிதான் அது. பூவைத் தேடித் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வந்தன. காய் சிவந்து, கறுத்துப் பழுத்ததும் கிளி, மைனா, குயில் என்று விருந்தாளிகள் வந்தார்கள். ஒரே ஒரு குறை, முள். இலைக்கு இலை இரண்டிரண்டாகக் கவட்டை போல நீட்டிக்கொண்டு நின்றது.

"பழம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கால் வைக்க முடியலையே!" என்றது கிளி.

"ஆமாம்ப்பா, குத்திக் கொல்லுது!" என்றது மைனா.

கொறியனின் முகம் வாடிவிட்டது.

இதையெல்லாம் வேலியோரமாக நின்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் செம்போத்தார். கறுத்த உடம்பு, செங்கல் நிறச் சிறகு, ரத்தமாகச் சிவந்த கண். பறப்பதற்குச் சோம்பல்படுவார். தரையில் நடந்து, புதர் புதராக நுழைந்து, முட்டையோ குஞ்சோ அகப்பட்டால் விழுங்குவதுதான் அவர் பிழைப்பு. இந்தக் களாச்செடியைப் பல நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறார். முள் உள்ளே விட்டால்தானே!

"கொறியன் தம்பி!" என்று குழைந்துகொண்டே வந்தார் செம்போத்தார். "இப்படி ஒரு செடியை இந்த வட்டாரத்துல யார் வளர்த்திருக்கா? ஆனா ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்கக் கூடாது."

"சும்மா சொல்லுங்கண்ணே!"

"பக்கத்துத் தோட்டத்துல குரோட்டன்ஸ் செடியைப் பாத்தியா? இப்பத்தான் முடி வெட்டிக்கிட்டு வந்த மாதிரி எவ்வளவு லட்சணமா நிக்குது! உன் செடி சவரம் பண்ணாத மூஞ்சி மாதிரி இருக்கே. விருந்தாளிங்க முகம் சுளிக்கிறாங்க. உன்கிட்ட இல்லாத பல்லா? கடிச்சுப் போட்டா என்ன?"

"அட, எனக்குத் தோணாமப் போச்சே!" என்று துள்ளினான் கொறியன்.

வரியாள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? உள்ளே புள்ளைங்க இருக்கு!"

"நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவ!"

கொண்டைச்சியும் கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, அந்தக் குரோட்டன்ஸுக்கு ஒரு ஈயாவது வருதா? உங்க செடி அழகைப் பத்தி அந்தச் செம்போத்துக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை? கொஞ்சம் யோசிங்க!"

நல்ல கேள்விதான். ஆனால் புகழ்ச்சியில் மிதக்கிறவன் காதில் கேள்வி எங்கே விழும்?

கொறியன் அப்போதே வேலையை ஆரம்பித்தான். கிழக்குப் பக்கத்து முட்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பினான். களாச்செடியைக் கடித்தால் பால் வடியும். கோந்து போல ஒட்டும். கிழக்குப் பக்கம் முடிவதற்குள் மீசை ஒட்டிக்கொண்டது, மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டன. மேற்குப் பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். குளத்தில் வாயைக் கழுவிக்கொண்டு, அப்படியே கிளியையும் மைனாவையும் அழைத்துவரக் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் செம்போத்தார் வந்தார். கிழக்குப் பக்கமாக, சொந்த வீட்டுக்குள் போகிறவர் போல நடந்து நுழைந்தார்.

வரியாள் பார்த்துவிட்டாள். அவளுக்கு உயிரே போய்விட்டது. ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டாள். மற்ற இரண்டை எப்படித் தூக்குவது? ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினால் இரண்டு போய்விடும். ஓடாவிட்டால் மூன்றும் போய்விடும். கவ்விய குட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

கொண்டைச்சியின் கூடு இன்னும் செம்போத்தார் கண்ணில் படவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அவள் பாட்டுக்குத் தப்பித்திருப்பாள். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாவதைப் பார்த்துக்கொண்டு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சட்டென்று மேற்குப் பக்கத்துக்குப் பறந்துபோய் அலறினாள்.

"ஐயோ, இந்தப் பக்கம் மட்டும் வந்துடாதே! என் குஞ்சுங்க நாலும் இங்கதான் இருக்கு! இரை ஊட்டி ஊட்டிக் கொழுகொழுன்னு வளர்த்து வச்சிருக்கேன்!"

செம்போத்தார் நின்றார். 'மூன்று சுண்டெலி அளவுக் குட்டி எங்கே, நாலு கொழுத்த குஞ்சு எங்கே? அணில் குட்டி எங்கேயும் ஓடிவிடாது. முதலில் குஞ்சுகளைப் பார்ப்போம்!' என்று மேற்கே திரும்பினார்.

"வராதே! வராதே!" என்று கத்திக்கொண்டே கொண்டைச்சி உள்ளே உள்ளே தாவினாள். அவள் சின்ன உடம்பு, முள்ளுக்கு முள் நடுவே வழுக்கிக்கொண்டு போனது. செம்போத்தாருக்கோ முழ நீள வால்! இரண்டு கிளை தாண்டுவதற்குள் வால் மாட்டிக்கொண்டது. இழுத்தார், சிறகு மாட்டிக்கொண்டது. திரும்பினார், முதுகில் குத்தியது.

"எங்கடி உன் குஞ்சுங்க?" என்று கத்தினார்.

"இன்னும் முட்டையே பொரிக்கலை, செம்போத்தாரே!" என்றாள் கொண்டைச்சி.

செம்போத்தார் உதறினார், புரண்டார், கடைசியில் பாதி வாலை முள்ளிலேயே விட்டுவிட்டு வெளியே விழுந்தார். சோம்பேறி என்று பெயர் எடுத்தவர் அன்றைக்குப் பறந்த பறப்பு இருக்கிறதே, குளத்துக்கு அந்தப் பக்கம் போய்த்தான் இறங்கினார்.

விருந்தாளிகளோடு திரும்பிய கொறியன் முள்ளில் தொங்கிய இறகுகளைப் பார்த்தான். வாயில் குட்டியோடு இன்னும் அங்கேயே நின்ற வரியாளைப் பார்த்தான். விஷயம் புரிந்தது.

"என் புள்ளைங்களுக்கு நானே எமனா இருந்திருப்பேனே! கொண்டைச்சி, உன் கால்ல விழறேன்!" என்று அழுதான்.

"கால்ல விழறது இருக்கட்டும் அண்ணே. முதல்ல அந்தப் பக்கத்தை அடைங்க!" என்றாள் அவள்.

அன்று பொழுது சாயும்வரை கொறியன் வேலியிலிருந்து கருவேல முள்ளை இழுத்து இழுத்து வந்து கிழக்குப் பக்கத்தை அடைத்தான். கிளியும் மைனாவும் கூடவே சுள்ளி தூக்கினார்கள்.

சில நாளில் முட்டை பொரிந்தது. அணில் குட்டிகளும் கண் திறந்தன. மழையும் வந்தது. கிழக்குப் பக்கம் புதுத் துளிர் விட்டது. ஒருநாள் காலையில் கொறியன் வரியாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். துளிர் பிரிகிற இடத்தில், பச்சையாக, இன்னும் முற்றாமல் இரண்டு சின்ன முள்.

"இங்க பாரு! முள்ளு விட்டிருக்கு!" என்றான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நம்மைக் குத்துகிறதே என்று நாம் வெறுக்கும் ஒன்றுதான், பல சமயம் நம் வீட்டுக்குக் காவலாக நிற்கிறது.