ராஜா நட்ட மிளகாய்ச் செடி

சிங்கபூபதி ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை. தன் கையால் நட்ட மிளகாயைப் பறித்துப் பழையசோற்றுக்குக் கடித்துக்கொள்ள வேண்டுமாம்! அரண்மனைக் கொல்லையில் ஒரே ஒரு நாற்றை நட்டார். அதற்கு மேளதாளம் என்ன, பல்லக்கு என்ன, ராஜகுருவின் ஆசீர்வாதம் என்ன! குழி தோண்டியது மட்டும் தோட்டக்காரன் மாசானம்.

மாதம் ஒன்று போயிற்று. இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்கிவிட்டது. பூத்த நாலு பூவும் உதிர்ந்துவிட்டது. ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"செடி இப்படி வாடிக் கிடக்கிறதே, தண்ணீர் ஊற்றினாயா இல்லையாடா?"

"மண்ணு ஈரமாவே கெடந்துச்சு மகாராஜா. அதான் ஊத்தலை" என்றான் மாசானம்.

அரண்மனையில் உண்மை பேசினால் உருப்படலாமா? பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டே போ என்று தீர்ப்பாகிவிட்டது. மாசானம் சபை நடுவில் நின்று அழுதான்.

ராஜாவுக்கு வேடிக்கை சொல்லிப் பிழைக்கும் அரியமுத்து எழுந்தார்.

"அருமையான தீர்ப்பு மகாராஜா! இந்தச் சோம்பேறிதான் ஊற்றவில்லை. சபையில் இத்தனை பெரியவர்கள் இருக்கிறார்களே, ஒருத்தராவது உங்கள் செடிக்கு ஒரு வாய் தண்ணீர் காட்டினார்களா? உங்கள்மேல் இவர்களுக்குப் பக்தி அவ்வளவுதான்!"

பிரதானி துள்ளி எழுந்தார். "யாரைப் பார்த்துச் சொல்கிறீர்? இரண்டு குடம் ஊற்றாமல் நான் பல்கூடத் துலக்கியதில்லை!"

"நான் நாலு குடம்!" என்றார் தளபதி. "மகாராஜா உப்பரிகையிலிருந்து தினமும் பார்த்திருப்பாரே!"

ராஜகுரு விடுவாரா? "நான் பாலும் பன்னீருமாக அபிஷேகமே செய்தேன்!"

ஆளாளுக்குக் கையைத் தூக்கினார்கள். ராஜாவும் மீசையை முறுக்கிக்கொண்டு, "நானும் சாயங்காலம் ஒரு வெள்ளிக்குடம்..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அரியமுத்து கொல்லைக்குப் போய்ச் செடியை வேரோடு பிடுங்கி வந்தார். வேர் கறுத்து அழுகி, நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"இது தாகத்தில் வாடவில்லை மகாராஜா, தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறது. இதற்குத் தண்ணீர் ஊற்றாத ஒரே ஆள் மாசானம். அவனைத்தான் நாடு கடத்துகிறோம்!"

ராஜா அசடு வழியச் சிரித்தார். தீர்ப்பு ரத்தாயிற்று. மாசானத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரி, மாசானம் வேறு நாற்று நடட்டும். அதற்கு என்ன வேண்டுமோ கேளும்" என்றார் ராஜா.

"நாலு காவல் வீரர்கள் போதும் மகாராஜா" என்றார் அரியமுத்து.

"எதற்கு? ஆடு மேய்ந்துவிடுமா? திருடன் வருவானா?"

"ஆட்டையும் திருடனையும் மாசானமே விரட்டிவிடுவான். இந்தக் காவல் உங்கள் விசுவாசிகளுக்கு!"