கட்டத்துக்கு நூறு பேர்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்க வேண்டாம், ஓர் அரசருக்குத் தன் மக்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. சபைத் தரையில் கோலமாவால் நாட்டை வரைந்தார்கள். காதத்துக்கு ஒரு கட்டம். நூறு பேருக்கு ஒரு புளியங்கொட்டை. ஆற்றுச்சீமையில் கொட்டைகள் குவிந்தன. பத்துக் கட்டம் உள்ள உவர்ச்சீமையில் ஒன்றே ஒன்று.

அரசர் முகம் சுளித்தார். "பார்க்கவே நன்றாக இல்லையே." உள்ளங்கையால் தள்ளிப் பரப்பினார். கட்டத்துக்கு ஒன்று வந்தது. "மக்களும் இப்படியே இருக்கட்டும்."

"அரசே, உவர்ச்சீமையில் தண்ணீர் இல்லை. அதனால்தான் ஆளும் இல்லை" என்றான் விகடகவி ஆவுடையப்பன்.

அமைச்சர் அம்பலநாதருக்கு அவன்மேல் வெகுநாள் பொறாமை. "ஆள் போனால் கிணறு வெட்டிக்கொள்வான், மன்னா. வேலையை இவனிடமே கொடுங்கள். ஒரு மாதத்தில் முடிக்காவிட்டால் தலையை வாங்கிவிடலாம். முதல் இருநூறு பேரை நான் இன்றே அனுப்புகிறேன்."

அரசர் சரி என்றார். அமைச்சர் அன்றே அனுப்பியும் விட்டார்.

எட்டாம் நாள் காலை அரசர் குளிக்க வெந்நீர் கேட்டார். யாரும் வரவில்லை. ஆவுடையப்பனும் அமைச்சரும்தான் வந்தார்கள்.

"மற்றவர்கள் எங்கே?"

"மூட்டை முடிச்சோடு கோட்டை வாசலில் நிற்கிறார்கள், அரசே. கோட்டையும் ஊரும் சேர்ந்து ஒரு கட்டம். நூறு பேர்தான் இருக்கலாம். அந்தப்புரத்திலேயே தொண்ணூற்றெட்டு. தாங்கள் ஒருவர். இன்னும் ஓர் ஆளுக்கு இடம் உண்டு. யாரை வைத்துக்கொள்ள?"

"சமையல்காரனை" என்றார் அரசர், யோசிக்காமல்.

"மன்னா! அப்போது நான்?" என்றார் அமைச்சர்.

"தங்களுக்கு உவர்ச்சீமையில் நல்ல காற்றோட்டமான இடம் பார்த்திருக்கிறேன், அமைச்சரே. தண்ணீர்தான் இரண்டு நாள் நடை. தாங்கள் கிணறு வெட்டிக்கொள்ள மாட்டீர்களா?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணை ரத்தானது. போனவர்களை அழைத்துவரக் குதிரைவீரன் ஒருவன் கிளம்பினான்.

கிளம்பிய ஐந்தாம் நாள் திரும்பினான். "முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள், மன்னா. நூற்று முப்பது பேர் வருகிறார்கள்."

மீதி எழுபது பேரைப் பற்றிச் சபையில் யாரும் கேட்கவில்லை. அரசருக்குச் சமையல்காரன் ஞாபகம் வந்து மறுபடி சிரிப்பு வந்தது. தங்கக் காப்பைக் கழற்றி ஆவுடையப்பன் கையில் மாட்டினார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, ஆவுடையப்பா!"

"முதல் நாளே சொன்னேன், அரசே. தங்களுக்குச் சிரிப்பு வரும்படி சொல்லத்தான் எட்டு நாள் ஆகிவிட்டது."

அதற்கும் அரசர் சிரித்தார்.