உடும்பு செய்த விளையாட்டுப் பெட்டி

மருத மரக் குட்டையின் கரையில் மாடத்தி என்று ஓர் உடும்பு இருந்தாள். அந்தக் காட்டிலேயே முதன்முதலாக விளையாட்டுப் பெட்டி செய்தவள் அவள்தான்.

பெட்டி என்றால் பெரிய மாயமொன்றும் இல்லை. உள்ளே பொந்து விழுந்த ஒரு மரக்கட்டை. பட்டப்பகலிலும் அதற்குள் கும்மிருட்டாக இருக்கும். நாற்பது மின்மினிகள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு முன்னால் துளை போட்ட பனை ஓலை ஒன்றைச் செருக வேண்டும். வெளியே இருக்கும் இரண்டு குமிழ்களை அழுத்தினால் மின்மினிகள் மாறி மாறி மினுக்கும். வெளிச்சம் துளை வழியாக வந்து சிலந்தி வலைத் திரையில் விழும். உடனே திரையில் ஒரு மான் துள்ளி ஓடும்! ஓலையை மாற்றினால் ஆட்டமும் மாறிவிடும்.

முதல் நாள் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! முயலும் கீரியும் முள்ளம்பன்றியும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றன. "எனக்கு! எனக்கு!" என்று கரையே அதிர்ந்தது.

ஆனால் மாடத்தி செய்து வைத்திருந்தது நாலே நாலு ஓலை. பதினைந்து நாளில் எல்லாருக்கும் அந்த நாலும் தண்ணிபட்ட பாடாகிவிட்டது. "கண்ணை மூடிக்கிட்டே ஆடுவேன்!" என்றது கீரி. சொன்னதோடு விடவில்லை, ஆடியும் காட்டியது. அதன்பிறகு அது அந்தப் பக்கமே வரவில்லை.

அப்போதுதான் பேச்சிமுத்து என்ற மரங்கொத்தி பறந்து வந்தான்.

"அக்கா, எனக்கு ஒரு புது ஆட்டம் தோணுது. நானே ஓலையில கொத்தித் தர்றேன். உங்க அளவுக் குச்சியை ஒரே ஒரு தடவை காட்டுங்க!"

எந்த மின்மினி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கோடு கிழித்து வைத்த குச்சி அது. அதைப் பார்க்காமல் கொத்தினால் துளை ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். மாடத்தி அதைக் கையை விட்டுக் கீழே வைத்ததே கிடையாது. தூங்கும்போதும் பிடித்தபடிதான் தூங்குவாள். உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்!

"போடா, போய் வேலையைப் பாரு! மாடா உழைச்சு நான் செஞ்ச பெட்டி இது. இதுல நீ எதுக்கு மூக்கை நுழைக்கிறே?"

"என் மூக்கு அதுக்குத்தானே இருக்கு..." என்று முனகிக்கொண்டே பேச்சிமுத்து பறந்துபோனான்.

மறுவாரம் எதிர்க்கரையில் ஒரே ஆரவாரம். கரடி பலவேசம் ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பெட்டியா அது? யானைக்குட்டி ஒன்று உள்ளே படுத்துப் புரளலாம்! முந்நூறு மின்மினிகள். திரைக்கு முன்னால் முருக்கம்பூ இதழ் ஒட்டி வைத்திருந்ததால் வெளிச்சம் செக்கச்செவேல் என்று விழுந்தது.

"என் பெட்டிக்கு முன்னாடி அந்த உடும்புப் பெட்டி எல்லாம் ஒரு பெட்டியா?" என்று கரடி மார்தட்டினார். காடே அந்தக் கரைக்கு ஓடியது. கரடி அண்ணாச்சியைக் குறை சொல்லக் கூடாது, பார்க்க அப்படி ஓர் அழகு!

மாடத்தி வயிறெரிந்து உட்கார்ந்திருந்தாள். மின்மினிகளின் தலைவி வெள்ளையம்மா பொந்தைவிட்டு வெளியே வந்தாள்.

"மாடத்தி, உன்மேல எங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்லை. ஆனா யாரும் பார்க்காம மினுக்கி என்ன பிரயோசனம், சொல்லு? முதல் மழை விழுந்ததும் நாங்க முட்டையிடணும். முட்டையிட்ட இடத்தை விட்டு ஒரு வருஷத்துக்கு நகர முடியாது. அதனால மழை விழற அன்னிக்குக் கூட்டம் எங்கே இருக்கோ, அங்கேதான் எங்களுக்குக் குடியிருப்பு."

மாடத்தி பதறி எழுந்தாள். மின்மினிகள் போய்விட்டால் பெட்டி வெறும் கட்டைதான். அடுப்பெரிக்கக்கூட ஆகாத உளுத்த கட்டை!

"போக மாட்டீங்க," என்றாள் அவள். "போக விட மாட்டேன். மழைக்குள்ள கூட்டத்தைக் கொண்டு வந்து காட்டறேன்!"

சொல்லிவிட்டாள். எப்படிக் கொண்டு வருவது? முதலில் அவளுக்கும் கரடியின் புத்திதான் வந்தது. பெரிய கட்டையாகப் பார்த்து மூன்று நாள் இழுத்தாள். அதில் குமிழ் இரண்டும் உயரத்துக்குப் போய்விட்டன. வந்த ஒரே ஒரு முயல்குட்டியும் எம்பி எம்பிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனது. சீச்சீ என்று அதைத் தள்ளிவிட்டுப் பழைய கட்டைக்கே திரும்பினாள்.

அப்புறம் தானே புது ஓலை செய்ய உட்கார்ந்தாள். உடும்பின் நகம் மண் பறிக்கத்தான் லாயக்கு. துளை போட்டால் ஓலை கிழியும். கிழிந்தால் இன்னொன்று எடுப்பாள். அதுவும் கிழியும். விரலில் ரத்தம் வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. ஐந்து நாளில் தேறியது ஒரே ஓர் ஓலை. அதற்குள் எறும்புகள் முட்டையைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஏறத் தொடங்கிவிட்டன. மழை பக்கத்தில் வந்துவிட்டது.

"அப்படி என்னதான் இருக்கு அங்கே?" என்று மாடத்தி எதிர்க்கரைக்கே போய் ஒரு புதர் மறைவில் நின்றாள்.

கூட்டம் இருந்தது. ஆனால் முகங்களில் களை இல்லை.

"அம்மா, இன்னிக்கும் அதே தேன் எடுக்கிற ஆட்டம்தானா?" என்று ஒரு மான்குட்டி சிணுங்கியது. முந்நூறு மின்மினிகள் இருந்தும் கரடி செய்தது ஒரே ஓர் ஓலைதான். அதிலும் குமிழை அழுத்தக் கரடியின் கை பலம் வேண்டும். முயல் இரண்டு காலாலும் ஏறிக் குதித்தும் குமிழ் அசையவில்லை. ஒரு தடவை ஆட ஒரு தேனடை வேறு கொடுக்க வேண்டுமாம்! முயல் எங்கே போகும் தேனடைக்கு?

அந்த நேரம் பேச்சிமுத்து ஓர் ஓலையை அலகில் கவ்விக்கொண்டு கரடி முன்னால் வந்து இறங்கினான். "அண்ணாச்சி, குத்துமதிப்பா ஒரு ஆட்டம் கொத்திக்கிட்டு வந்திருக்கேன். உங்க அளவைச் சொன்னீங்கன்னா சரி பண்ணிடுவேன்."

"என் பெட்டிக்குள்ள என் ஓலை மட்டும்தான் போகும்!" என்று கரடி உறுமினார். ஓலையைப் பிடுங்கி நாலாகக் கிழித்து எறிந்தார். மரங்கொத்தி பறந்துபோய் ஒரு பட்ட மரத்தில் உட்கார்ந்தான்.

ஒரு துண்டு காற்றில் வந்து மாடத்தியின் காலடியில் விழுந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். மற்ற மூன்றையும் தேடிப் பொறுக்கி மண்ணில் சேர்த்து வைத்தாள். அடேயப்பா! குட்டி மீன் ஒன்று கொக்கின் காலுக்கு நடுவே வளைந்து நெளிந்து தப்பிக்கும் ஆட்டம். கொக்கு எந்தப் பக்கம் குனியும் என்று கடைசிவரை தெரியாது. ஐந்து நாள் ரத்தம் சிந்தினாலும் இப்படி ஒன்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

கரடியைத் திட்ட வாயெடுத்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பயல் முதலில் அவளிடம்தானே வந்தான்? அவள் மட்டும் என்ன செய்தாள்? கிழிக்கவில்லை, துரத்தினாள். அவ்வளவுதானே வித்தியாசம்! அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேராகப் பட்ட மரத்தில் ஏறினாள். "பேச்சிமுத்து, அன்னிக்கு நான் பேசினது தப்பு. இந்தா, அளவுக் குச்சி. எடுத்துக்கோ!"

மரங்கொத்தி நம்பாமல் பார்த்தான். மெல்லக் குச்சியின் நுனியைக் கவ்வி இழுத்தான். வரவில்லை.

"விட மாட்டேங்கறீங்களே அக்கா!"

"நான் விட்டுட்டேன்டா! இந்த விரல்தான் விட மாட்டேங்குது! பலமா இழு!"

அவன் இழுக்க, அவள் பல்லைக் கடிக்க, ஒவ்வொரு விரலாகப் பிரிந்தது. கடைசி விரல் விட்டதும் பேச்சிமுத்து குச்சியோடு குட்டிக்கரணம் அடித்துக் கிளைக்குக் கீழே தொங்கினான். மாடத்தி வெறும் கையைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: "இதே மாதிரி இன்னும் பத்துக் குச்சி செய். ஓலையில துளை போடத் தெரிஞ்ச எல்லாருக்கும் கொடு!"

பேச்சிமுத்து அன்றே கொக்கு ஆட்டத்தை அளவுப்படி புது ஓலையில் கொத்திக் கொடுத்தான். மறுநாளே தையல்சிட்டு வந்தது. இலையில் துளை போட்டுத் தைப்பதுதானே அதன் பிழைப்பு? ஊசியால் குத்தியதுபோல் சன்னத் துளைகளில் ஓர் ஆட்டம் கொண்டு வந்தது. குட்டையிலிருந்து நண்டு வந்தது. கொடுக்கால் குத்திய துளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. செருகிப் பார்த்தால் திரையில் மான் தலைகீழாக ஓடியது!

"எல்லாருக்கும் குச்சி கொடுத்தீங்க, என் ஓலையை மட்டும் திருப்பித் தர்றீங்களே!" என்று நண்டு சண்டைக்கு வந்தது.

"குச்சி எல்லாருக்கும் உண்டு. ஆனா எந்த ஓலையா இருந்தாலும் முதல்ல நான் ஆடிப் பார்ப்பேன். எனக்கே சலிச்சா முயல்குட்டிக்குச் சலிக்காதா? நீ திரும்பப் போய்க் குத்திக்கிட்டு வா!" என்றாள் மாடத்தி. குச்சியை விட்டாலும் அந்தப் பிடியை அவள் விடவில்லை. நண்டு மூன்று தடவை போய் நாலாவது தடவை கொண்டு வந்ததுதான் நண்டுப் பந்தயம். எல்லாரும் பக்கவாட்டிலேயே ஓடவேண்டிய ஆட்டம். அதை ஆடிய முள்ளம்பன்றி சிரித்துச் சிரித்து முள்ளை உதிர்த்தது.

குமிழை மாடத்தி எலியும் அழுத்தும்படி இளக்கி வைத்தாள். ஆட எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். ஆறே நாளில் பதினெட்டு ஓலை சேர்ந்தது. முதலில் முயல் வந்தது. அது மான்குட்டியிடம் சொன்னது. மான்குட்டி காடு முழுக்கச் சொன்னது.

எதிர்க்கரையில் கரடி இன்னும் நூறு மின்மினிகளைப் பிடித்துப் போட்டார். திரை தகதகவென்று ஜொலித்தது. அதே தேன் ஆட்டம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் வானம் கறுத்தது. சடசடவென்று பெருந்துளிகள் விழுந்தன. மாடத்தி வானத்தையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். மழையைக் கண்டால் காட்டில் யார் நிற்பார்கள்? இவ்வளவு பாடுபட்டும் கடைசி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடுமோ?

முயல் தலைக்கு மேல் ஒரு தேக்கிலையைப் பிடித்தது. "மழை பெய்தா பெய்யட்டும்! என் முறை வராம நான் நகர மாட்டேன்!"

"நானுந்தான்!" என்றது கீரி. கண்ணை மூடிக்கொண்டு ஆடிய அதே கீரி! வரிசை முழுக்க ஒவ்வொன்றாகத் தேக்கிலைகள் எழும்பின. ஒருவரும் அசையவில்லை.

வெள்ளையம்மா பொந்தின் வாசலுக்கு வந்து அந்த வரிசையைப் பார்த்தாள். எதிர்க்கரையையும் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே கரடி தனியாக நனைந்துகொண்டிருந்தார்.

"அடியே, எல்லாரும் உள்ளே வாங்க!" என்று தன் கூட்டத்தைக் கூப்பிட்டாள். "முட்டையை இங்கேயே வைப்போம்!"

மாடத்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கரடியின் மின்மினிகளில் பாதிக்கு மேல் குட்டையைத் தாண்டி அவள் பெட்டிக்கு வந்து சேர்ந்தன.

அவற்றுக்குப் பின்னால் யாரோ தொப்பலாக நனைந்து வருவது தெரிந்தது. கரடி பலவேசம்! கையில் அந்தத் தேன் ஆட்ட ஓலை.

"மாடத்தி..." என்று தொண்டையைச் செருமினார். "ஆட்டம் என்னமோ நல்ல ஆட்டம்தான். உன் பெட்டியில இது ஓடுமா?"

மாடத்தி புது அளவுக் குச்சி ஒன்றை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை விரல்கள் தாமாகவே விரிந்தன.

"அளவைச் சரிபண்ணிக் கொண்டாங்க அண்ணாச்சி, ஆடிப் பார்க்கிறேன். நண்டு தன்னோட ரெண்டாவது ஆட்டத்து ஓலையோட நிக்குது. அதுக்குப் பின்னால நில்லுங்க!"

கரடி போய் நண்டுக்குப் பின்னால் நின்றார்.

பெரிய பெட்டி செய்தவர் ஜெயிப்பதில்லை. எடுத்த காரியத்தை விடாமல் பிடித்து, தன் பெட்டியில் நல்ல ஆட்டங்கள் சேர மற்றவர்களுக்கும் இடம் கொடுத்தவரே ஜெயிக்கிறார்.